ஜால்ராவை நடைக்கு அனுப்பிய கதை: நாலு டிராக்கில் ஒரு வில்லுப்பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11.45 மணி. நான் ரெக்கார்டு செய்த வில்லுப்பாட்டை, மாமா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு 18 நிமிடமும் கேட்டு முடித்தார். ஹெட்போன் கொடுத்தால் வாங்கமாட்டார். "எல்லாப் பயலும் போன்லதானல கேப்பான்" என்பது அவர் கட்சி. கேட்டுவிட்டு, "குடம் பத்தாது. மத்தபடி இது வில்லுப்பாட்டுதாம்ல" என்றார். ஏழு மாதத்துக்கு முன்னால் இதே குழுவையும் இதே பாட்டையும் வைத்து நான் செய்த முதல் ரெக்கார்டிங்கை ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திவிட்டு அவர் சொன்னது வேறு. "என்னல இது, அஞ்சு பேரும் அஞ்சு வீட்ல இருந்து பாடுன மாதிரி இருக்கு?"

முதல் முறை 43 டிராக், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலி வரிசை. இரண்டாம் முறை 4. ரெக்கார்டிங் மென்பொருள் இத்தனை டிராக்தான் என்று ஒரு எல்லை வைக்கவேண்டுமா என்று போன வருஷம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், செலவுக் கணக்கோடு.

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மாமா முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லுப்பாட்டு, வில்லுப்பாட்டு என்றால் மாமாவின் மைக். எனக்கு வேலை வேறு; ரெக்கார்டிங் சாயங்காலப் பைத்தியம். என்னிடம் இருப்பது பெரிங்கர் யூஎம்சி404ஹெச்டி, நாலு மைக்கைச் செருகி லேப்டாப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி. 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், அதில் 5400 சுற்று ஹார்ட் டிஸ்க். ஒரு எஸ்எம்57 மைக். மாமாவிடமிருந்து கடன் வாங்கிய இரண்டு எஸ்எம்58. ஒரு சின்ன கண்டென்சர் மைக்.

மென்பொருள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதலில் பழகியது இலவசப் பதிப்பு ஒன்று. 8 டிராக்குக்கு மேல் போட்டால் காசு கேட்கும். ஒன்பதாவது டிராக்கைச் சேர்க்கப் போன அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. 'என் லேப்டாப், என் மைக், நீ யார் எண்ணிப் பார்க்க' என்று ரீப்பர் என்ற மென்பொருளுக்கு மாறினேன். அதில் டிராக்குக்குக் கணக்கே கிடையாது. தனி ஆளுக்கான உரிமம் 60 டாலர். நான் வாங்கியபோது 5,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. எல்லையே இல்லை என்ற சந்தோஷத்தில்தான் 43 வந்து சேர்ந்தது.

குழுவில் ஐந்து பேர். நடுவில் புலவர், நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர் கையில் நாணை அடிக்கும் வீசுகோல், முன்னால் வில். பிறகு குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. ஜால்ராக்காரரும் கட்டைக்காரரும்தான் பின்பாட்டு. "ஆமா" போடுவதும் அவர்கள்தான். நாலு மைக்தான் செருக முடியும் என்பதால் ஒவ்வொருவராக எடுத்து அடுக்கிவிடலாம் என்று திட்டம் போட்டேன். முதலில் அண்ணாச்சியும் வில்லும். அதைக் கேட்டுக்கொண்டே குடம். அதைக் கேட்டுக்கொண்டே உடுக்கை. சினிமாப் பாட்டெல்லாம் அப்படித்தானே எடுக்கிறார்கள் என்ற நினைப்பு.

மூன்று சாயங்காலம் நடந்தது. முடிந்தபோது டிராக் பட்டியல் இப்படி இருந்தது: அண்ணாச்சியின் குரல் 4. வில்லுக்கு நாணோரம் ஒன்று, மணிக்கு ஒன்று, அடியிலிருந்து ஒன்று, இதுவே இரண்டு தடவை, ஆக 6. குடத்துக்கு வாயில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மூன்று தடவை, 6. உடுக்கைக்கும் அப்படியே 6. ஜால்ரா 3, கட்டை 2. பின்பாட்டு இரண்டு பேர், ஆளுக்கு நாலு தடவை, 8. "ஆமா"வைத் தனியாக எடுத்தது 4. கூடத்தின் எதிரொலிக்கு என்று 4. கூட்டிப் பாருங்கள், 43.

"ஆமா"வைத் தனியாக எடுத்தேன் என்பதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அண்ணாச்சி கதை சொல்வது அந்த "ஆமா"வின் மேல் கால் வைத்துத்தான். "ராசா வந்தான்", "ஆமா", "வந்து என்ன கேட்டான்" என்று அது ஏணிப்படி. அவரைப் படியே இல்லாமல் ஏறச் சொன்னேன். அவரும் தம்பி கேட்கிறானே என்று வெற்றுச் சுவரைப் பார்த்துக் கதை சொன்னார்.

அதைவிடப் பெரிய தப்பு குடத்தில். வில்லின் நடு குடத்தின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். நாணில் வீசுகோல் விழும்போது குடமும் சேர்ந்து முனகும். குடத்தை அடிக்கிற பத்தி என்ற மட்டை விழும்போது வில்லில் கட்டிய மணியெல்லாம் சிலிர்க்கும். இரண்டும் ஒரே வாத்தியம் மாதிரி. எனக்கோ ஒரு வாத்தியத்தின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கலக்கக்கூடாது. அதனால் வில்லை எடுக்கும்போது குடக்காரரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். குடம் எடுக்கும்போது வில்லை அவிழ்த்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். அண்ணாச்சி ஒரே ஒரு தடவை கேட்டார்: "தம்பி, வில்லு குடத்துமேல உக்காராம எப்படிப் பேசும்?" பிறகு மிக்ஸிங்கில் சரி பண்ணிக்கொள்ளலாம் அண்ணாச்சி என்றேன். சரி பண்ண முடியவில்லை. கேட்டபோது வில் தகரப் பெட்டியைத் தட்டினதுபோலவும், குடம் பக்கத்து வீட்டில் மாவு இடிப்பதுபோலவும் இருந்தது.

ஹெட்போன் விவகாரம் தனி. டிராக் பெருகப் பெருக ஹார்ட் டிஸ்க் திணறிச் சத்தம் விட்டு விட்டு வந்தது. பஃபரை, அதாவது லேப்டாப் ஒரே தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை, 256இலிருந்து 1024க்கு ஏற்றினேன். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி நொடி; உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று 40ஐத் தாண்டிவிடும். உடுக்கைக்காரருக்குத் தன் அடி தனக்கே பிந்திக் கேட்டது. அவர் அதைச் சரிக்கட்ட முந்தி அடித்தார். இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே, மைக்கில் வருவதை லேப்டாப்புக்குள் போகாமல் நேராகக் கேட்க ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். மூன்றாம் நாள் ராத்திரி எல்லோரும் போனபிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

பிறகு 26 ராத்திரி மிக்ஸிங். ஒவ்வொரு ராத்திரியும் நாலு குரலில் எது நல்ல குரல் என்று தேர்ந்தெடுத்து, மறுநாள் ராத்திரி மாற்றினேன். ஒரு டிராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 8.64 எம்பி, 18 நிமிடத்துக்கு 155 எம்பி, 43 டிராக்குக்கு 6.5 ஜிபிக்கு மேல். அந்த 6.5 ஜிபிக்குள் ஒரு தடவைகூட ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடிய நொடி இல்லை. செலவு: குழுவுக்கு 11,000, திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்த மைக்குகளுக்கு 1,500, ஹெட்போன் பிரிக்கிற பெட்டி 1,600, சாப்பாடு காபி 2,300. மொத்தம் 16,400 ரூபாய்.

மாமா ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திய அன்று அவரே பீரோவிலிருந்து ஒரு கேசட் எடுத்துவந்தார். 1991 கொடையில் அவர் பிடித்தது. இரண்டே மைக், ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரு வயர், டேப் டெக். பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது, குழந்தை அழுகிறது, நாடா வேறு கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் குடம் குடமாக இருக்கிறது. புலவர் மூச்சு எடுப்பது தெரிகிறது. "எப்படி மாமா லெவல் வச்சீங்க?" என்றேன். "லெவல் என்னத்த வைக்க? சத்தம் கூடுனா ஆளத் தள்ளி உக்கார வைப்பேன்" என்றார்.

இந்த ஒரு வரியை வைத்துத்தான் இரண்டாவது முயற்சி.

ஏன் நாலு? இன்டர்ஃபேஸில் நாலு துளை என்பது முதல் காரணம். இரண்டாவது, கொஞ்சம் சரித்திர ஆசை. 1979இல் டாஸ்காம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டில் நாலு டிராக் பிடித்தது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள இடத்தை ஒரே பக்கமாக ஓட்டி, வேகத்தையும் இரட்டிப்பாக்கியது. அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ஆல்பம் ஒன்று அந்தப் பெட்டியில் வீட்டில் பிடித்ததுதான். எட்டு டிராக் டேப் இயந்திரம் 1957இலேயே லெஸ் பாலின் வீட்டுக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லை எல்லோருக்கும் ஒரே அளவாக என்றைக்கும் இருந்ததில்லை. இன்றைக்கு லாஜிக் புரோவில் 1000 ஆடியோ டிராக் போடலாம். புரோ டூல்ஸின் இலவச இன்ட்ரோ பதிப்பில் 8.

ரீப்பரில் எல்லை கிடையாது என்பதால் நானே ஒன்று செய்தேன். லுவா என்ற நிரல் மொழியில் 14 வரி ஸ்கிரிப்ட். பின்னணியில் ஓடிக்கொண்டே டிராக்கை எண்ணும். நாலைத் தாண்டினால் கடைசி டிராக்கை அழித்துவிடும். எழுத அரை மணி நேரம் ஆனது. சோதிக்க, பழைய ஒத்திகை ஒன்றை நாலு டிராக்கில் திறந்துவைத்து, இரண்டாவது டிராக் தேர்வில் இருக்கும்போது புதிதாக ஒன்று சேர்த்தேன். ரீப்பர் புதிய டிராக்கைத் தேர்வில் உள்ளதற்குக் கீழே நுழைக்கும். அதாவது புதியது மூன்றாவது. பழைய நாலாவது ஐந்தாவதாகிவிட்டது. ஸ்கிரிப்ட் சொன்னபடி 'கடைசி'யை அழித்தது. புது வெற்று டிராக் பத்திரமாக இருக்க, உடுக்கை போய்விட்டது. கன்ட்ரோல் இசட் அடித்தேன். உடுக்கை திரும்பி வந்தது, எண்ணிக்கை மறுபடி ஐந்து, ஸ்கிரிப்ட் மறுபடி அழித்தது. மறுபடி இசட், மறுபடி அழிப்பு. மூன்று நாலு தடவை அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் முதலில் ஸ்கிரிப்டை நிறுத்தவேண்டும் என்று உறைத்தது. டிராக்கை அழித்தாலும் ஆடியோ கோப்பு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், அது ஆறுதல். பிறகு அழிக்கிற வரியை எடுத்துவிட்டு, ஒரு எச்சரிக்கைப் பெட்டி வருகிற மாதிரி மாற்றினேன். இன்னொரு இடிப்பு: எதிரொலிக்கு என்று ஒரு துணை டிராக் போட்டால் அதையும் ஸ்கிரிப்ட் எண்ணியது. எல்லா டிராக்கும் போய்ச் சேரும் மாஸ்டரை அது எண்ணாது. எனவே எதிரொலியை மாஸ்டரிலேயே போட்டுக்கொண்டேன்.

இடம் எங்கள் பழைய வீட்டுக் கூடம், 16க்கு 12 அடி. முதல் தடவை எடுத்தது தகரக் கூரை போட்ட ஊர்ப் பொதுக் கூடம். அங்கே கை தட்டினால் மூன்று தட்டு கேட்கும். இங்கே பின்சுவரோரம் நெல் மூட்டை ஒன்பது இருந்தது, நகர்த்தவில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்தேன். தரையில் ஜமுக்காளம், அதன்மேல் பத்தமடைப் பாய். ஃபேன் கிடையாது. ஐந்து பேரும் துண்டோடு உட்கார்ந்தார்கள்.

மைக் வைத்த கணக்கு: ஒன்றாவது அண்ணாச்சியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி எஸ்எம்58. இரண்டாவது வில்லுக்கு மேலே 60 சென்டிமீட்டர் உயரத்தில் கண்டென்சர், நாணை நோக்கி. மூன்றாவது எஸ்எம்57, குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவில். நாலாவது இன்னொரு எஸ்எம்58, பின்பாட்டு இரண்டு பேருக்கும் பொதுவாக. ஹெட்போன் யாருக்கும் இல்லை. வில் குடத்தின்மேல் கட்டப்பட்டு, குடம் வைக்கோல் புரிமணையில்.

முதல் இரண்டு நிமிடம் பிடித்துக் கேட்டோம். ஜால்ராவைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு சின்னக் கிண்ணமும் நாலு மைக்கையும் நனைத்துவிட்டது. பழைய நானாக இருந்தால் ஜால்ராவுக்குத் தனி டிராக், அதற்குத் தனி மைக் என்று போயிருப்பேன். அதனால் பயனே இருந்திருக்காது. பிரச்சினை ஜால்ராவுக்கு மைக் இல்லாதது அல்ல, எல்லா மைக்கிலும் ஜால்ரா இருந்ததுதான். மாமா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் உள்ளே பார்க்காமலே சொன்னார்: "அவர நடைக்கு அனுப்பு."

சாக்பீஸால் ஜால்ராக்காரர் உட்கார்ந்த இடத்தைக் குறித்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்த்தினேன். இரண்டு நிமிடம் பிடித்துக் கேட்டோம். இன்னும் ஒரு அடி. பிறகு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கிண்ணம் மெத்தையைப் பார்க்கிற மாதிரி. ஏழாவது தடவை அவர் கிட்டத்தட்ட நிலைப்படியைத் தாண்டி நடையில் உட்கார்ந்திருந்தார், அண்ணாச்சியின் முகம் மட்டும் தெரிகிற கோணத்தில். அளந்து பார்த்தேன்: பின்பாட்டு மைக்கிலிருந்து 2 மீட்டர் 10 சென்டிமீட்டர். அந்த இடத்தில் ஜால்ரா சரியாக இருந்தது. எனக்கு அப்போது கிடைத்த சந்தோஷம் எந்த ஃபேடரை ஏற்றி இறக்கியும் வந்ததில்லை. ஜால்ராக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "என்ன தம்பி, தீட்டு மாதிரி வெளிய உக்கார வச்சிட்டீய" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்பாட்டும் பாடுபவர் அல்லவா, அவருடைய "ஆமா" கொஞ்சம் தூரத்தில் கேட்கிறது. கோயில் திடலில் கூட்டத்திலிருந்து ஒருவர் ஆமா போடுகிற மாதிரி இருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கட்டைக்காரர் அரை அடி முன்னால். உடுக்கையின் முகம் மைக்கைப் பார்க்காமல் கால் திருப்பம். குடம் அப்படியே. இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. இதற்குப் பெயர்தான் மிக்ஸிங், பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்ட மிக்ஸிங்.

லெவல் வைப்பதில் ஒரு சறுக்கல். தொடக்க வணக்கமான காப்பு பாடும்போது அண்ணாச்சி மெதுவாக ஆரம்பிப்பார். அதற்கு ஏற்ற மாதிரி ஏற்றிவைத்தேன். கதைக்குள் போய், சண்டைக் கட்டம் வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தே கிடந்தது. அந்தத் தடவை போயிற்று. அடுத்து, "அண்ணாச்சி, எந்த இடத்துல ரொம்பக் கத்துவீங்களோ அத மட்டும் ஒரு தடவ பாடுங்க" என்று கேட்டு, அது மைனஸ் 10 டிபியைத் தாண்டாதபடி வைத்தேன். 24 பிட்டில் சின்னச் சத்தம் சின்னதாகவே இருந்தாலும் கெட்டுப்போகாது. வில்லுப்பாட்டு எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: காப்பில் லெவல் வைக்காதீர்கள்.

மூன்றாவது தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. குருவடி முடிந்து, அவையடக்கம் முடிந்து, கதையில் ஆறு நிமிடம் உள்ளே. அண்ணாச்சி கண்ணை மூடிவிட்டார், வீசுகோல் தானாக ஓடுகிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒன்றல்ல, மூன்று.

43 டிராக் காலமாக இருந்தால், குரல் டிராக்கில் அந்த இடத்தை வெட்டி இன்னொரு தடவையிலிருந்து ஒட்டியிருப்பேன். இங்கே நாலு மைக்கிலும் குக்கர். நாலையும் ஒரே இடத்தில் வெட்டி, அந்தப் பத்தியை மட்டும் மறுபடி பாடவைத்து ஒட்டிப் பார்த்தேன். ஒட்டு தெரிந்தது. மறுபடி பாடியபோது வேகம் கூடியிருந்தது, குரலும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கலந்திருப்பதால் ஒன்றை மட்டும் சரிசெய்யவும் வழியில்லை. இது எல்லையின் விலை. நாலு டிராக்கைப் புகழ்கிறவர்கள் இதை மறைக்கக்கூடாது. காபி குடித்துவிட்டு முழுசையும் ஆரம்பத்திலிருந்து பாடினார்கள். நாலாவது தடவைதான் மாமா கேட்டது.

இங்கே ஒரு திருட்டையும் ஒப்புக்கொள்கிறேன். ரீப்பரில் ஒரே டிராக்கில் மேலே மேலே பதிந்தால் பழையது அழியாது. டேக் டேக்காக அடுக்கிக்கொள்ளும். என் ஸ்கிரிப்ட் டிராக்கைத்தான் எண்ணியது, டேக்கை எண்ணவில்லை. கணக்குப் பார்த்தால் என் '4 டிராக்'கில் லெவல் பார்த்தது, பாழானது, ஒட்டுப்போட்டது எல்லாம் சேர்த்து 30க்கும் மேற்பட்ட பதிவுகள் ஒளிந்திருந்தன. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறம் வழியாக ஓடியிருக்கிறேன். அன்று ராத்திரி அந்தப் பழைய டேக்குகளைத் திறந்து 'மூன்றாவதில் அந்த ஒரு வரி' என்று தேட ஆரம்பித்தபோது மணி ஒன்று. ஏழு மாதத்துக்கு முந்தைய நோய் அதே அறிகுறியோடு வந்திருந்தது. மறுநாள் காலையில் நாலாவது தடவையைத் தவிர மற்றதையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு மாமாவிடம் கொடுத்துவிட்டேன். கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

மிக்ஸிங் 2 மணி 40 நிமிடம். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. வில் டிராக்கை இரண்டு டிபி இறக்கினேன். நம்மூர் வெக்கையில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும், 35 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி நொடி. வில் மைக்குக்கும் குரல் மைக்குக்கும் 3 மில்லி நொடி வித்தியாசம் இருந்தது. நகர்த்திச் சேர்த்துப் பார்த்தேன், குரல் மெலிந்தது, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அவ்வளவுதான்.

தோற்றது குடம். மூன்றாவது மைக்கில் குடமும் உடுக்கையும் ஒன்றாக இருக்கின்றன. குடத்தின் அடிச் சத்தம் 90 ஹெர்ட்ஸ் வாக்கில் இருந்தது. அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் ஐந்து டிபி தூக்கினேன். குடம் கொஞ்சம் எழுந்தது, கூடவே உடுக்கையின் விம்மலும் எழுந்தது. டிராக்கை ஏற்றினால் உடுக்கை காதைக் குத்தியது. மாமா சொன்ன 'பத்தாது' இதுதான். இதற்கு ஆளை நகர்த்தியும் தீர்வில்லை, ஏனென்றால் குடம் வில்லோடு கட்டுண்டது, உடுக்கைக்காரர் அண்ணாச்சியின் கையைப் பார்த்தே ஆகவேண்டும். குடத்துக்கு ஒரு மைக்கும் ஒரு டிராக்கும் தனியாகத் தேவை. நாலு என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை. அது என் இன்டர்ஃபேஸின் துளைக் கணக்கு, அவ்வளவே.

ஆகவே மென்பொருள் எழுதுகிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால் (கேட்கமாட்டார்கள்) இதைத்தான் சொல்வேன். காசுக்காக வைக்கிற 8 டிராக் வேலி எனக்கு வேண்டாம்; கல்யாண மேளம் எடுக்கிறவனுக்கும் வில்லுப்பாட்டு எடுக்கிறவனுக்கும் ஒரே சட்டை தைக்கமுடியாது. ஆனால் புதிய வேலை தொடங்கும்போது சாம்பிள் ரேட் கேட்கிறாயே, அதோடு 'எத்தனை டிராக், டிராக்குக்கு எத்தனை டேக்' என்றும் ஒரு கட்டம் வை. நான் நிரப்புகிறேன். முதல் பதிவுக்குப் பிறகு அதைப் பூட்டு. வேண்டுமானால் வேறு பெயரில் சேமித்துத்தான் திறக்கமுடியும் என்று வை. எதிரொலிக்கான துணை டிராக்கை அந்தக் கணக்கில் சேர்க்காதே. காலியாக விட்டால் எல்லை இல்லை என்று அர்த்தம், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவன் எழுதிக்கொள்வான் என்றால், என் ஸ்கிரிப்ட் உடுக்கையை என்ன பாடு படுத்தியது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது முயற்சியின் செலவு: குழுவுக்கு ஆளுக்கு 1,500 வீதம் 7,500. 6 மீட்டர் மைக் வயர் இரண்டு, 900. சாக்பீஸ், டேப், 180. காபி, வடை, ராத்திரி சாப்பாடு 1,150. மொத்தம் 9,730. மைக் வாடகை இல்லை. ஒரே சாயங்காலம், நாலரை மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்தது.

அடுத்தது கடைசி வாழ்த்தான வாழி வரைக்கும் முழுக் கதை, ஒன்றரை மணி நேரம். எட்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் ஒன்றை நண்பன் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எட்டையும் தொடப்போவதில்லை, ஆறு. ஐந்தாவது குடத்தின் வாய்க்கு, ஓரமாகச் சாய்த்து, பத்தி படாத தூரத்தில். ஆறாவதை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒருவேளை நடையிலேயே ஜால்ராக்காரர் குரலுக்கு ஒன்று வைத்தால் அவர் கோபம் தணியும், ஆனால் கிண்ணம் திரும்ப உள்ளே வந்துவிடுமே என்று யோசனை. டேக் இரண்டு, அதற்குமேல் கிடையாது. பக்கத்து வீட்டு மதினியிடம் அன்றைக்கு மட்டும் மத்தியானமே சோறு வடித்துவிடும்படி சொல்லியாகிவிட்டது. எத்தனை மணி வரை என்று கேட்டார்கள். எட்டு என்று சொல்லியிருக்கிறேன், ஒன்பதரை ஆகும்.